அரைத் தேசிக்காய் அகலம்

2025 ஆம் ஆண்டு யூன் மாதம் 17 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, கொக்குவிலில் புகையிரதப் பாதையோரம் உள்ள வாகன விளிம்பு ஒழுங்குச் சபையின் வளவில், வெள்ளை நிறக் கெப் வாகனம் ஒன்றின் முன் இடப்பக்கச் சக்கரம் மட்காட்டுக்கு வெளியே அரைத் தேசிக்காய் அளவு தள்ளியிருப்பதாகப் பதிவு செய்யப்பட்டது.

கெப், வல்வெட்டித்துறை சீவரத்தினத்தினுடையது. தேசிக்காயும் அவருடையதுதான்.

விடியற்புறம் தில்லைநாதன் சம்மாட்டியின் படகுகள் கரைக்கு வரும்போது சீவரத்தினத்தின் கெப் மணலில் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, வெயில் ஏற முன்னம் சுன்னாகம் சந்தையில் இறக்கிவிடுவார். அவருடைய வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஓட்டத்தால். வேறு ஓட்டம் அவருக்கு இல்லை.

உப்புத் தண்ணீரில் நின்று நின்று கெப்பின் சக்கர றிம் நான்கும் உக்கிப்போயின. ஒன்றில் நட்டுத் துளையருகே வெடிப்பும் கண்டது. அதே மாதிரிப் புதியது எங்கும் கிடைக்கவில்லை. கொண்டெயினரில் வரும் பழைய பொருட்கள் விற்கும் இடத்தில், வேறொரு வாகனத்திலிருந்து கழற்றிய நான்கு றிம்களை எடுத்துவந்தார். துளைகள் ஆறும் அச்சாகப் பொருந்தின. ஆனால் பூட்டி ஓடிப் பார்த்தபோது, ஸ்டியரிங்கை முழுதாக வளைத்தால் ரயர் உட்பக்க இரும்பில் போய் உரசியது.

சங்கதி இவ்வளவுதான். றிம்மின் அகலத்தில் நடுக்கோடு ஒன்றைப் பிடித்தால், வாகனத்தோடு பொருந்தும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை கராச்சுக்காரர் ஒஃப்செற் என்பார்கள். அது கூடக் கூடச் சக்கரம் உள்ளே போகும். பழைய றிம்மில் அது முப்பது மில்லிமீற்றர், புதியதில் நாற்பத்தைந்து. வித்தியாசம் பதினைந்தையும் ஈடுகட்ட, சக்கரத்துக்கும் அது பூட்டப்படும் இடத்துக்கும் நடுவில் ஓர் அலுமினிய வட்டு வைக்கவேண்டும். அதற்குப் பெயர் ஸ்பேசர்.

எத்தனை மில்லிமீற்றர் ஸ்பேசர் என்பதில் ஊருலகத்துக்கெல்லாம் அபிப்பிராயம் இருந்தது. கனடாவில் இருக்கும் மைத்துனர் இருபத்தைந்து போடச் சொல்லிக் குரற்செய்தி அனுப்பினார். போட்டால் வாகனம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்குமாம். லேத் பட்டறைக்காரர் இருபது என்றார். அவரிடம் அந்தத் தடிப்பில் ஒரு துண்டு கிடந்தது. சீவரத்தினம் பதினைந்து போதும் என்று நின்றுகொண்டார். நட்டு நன்றாகக் கடிக்கவேண்டும் என்று போல்ட்டுகளையும் நீளமானதாக மாற்றினார். பூட்டிய பிறகு சக்கரம், கெப் பிறந்தபோது எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் வந்து நின்றது. உரசலும் நின்றது.

ஊரில் வாகனத்துக்கு ஓர் ஆணி மாற்றினாலும் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் மறுவேலை. நாலு சக்கரத்துக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்து, ஐயர் தீபம் காட்டினார். முன் பம்பரில் ஒரு தேசிக்காயையும் மூன்று பச்சை மிளகாயையும் நூலில் கோத்துக் கட்டினாள் மனைவி குணலட்சுமி. அது வத்திப்போனால், வரும் வெள்ளிக்கிழமை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டுவது அவளுடைய பொறுப்பு. கெப் வாங்கிய நாளிலிருந்து அவள் அதில் தவறியதில்லை.

றிம் மாற்றிய வாகனங்கள் எல்லாம் விளிம்புச் சபையில் காட்டிச் சான்றிதழ் பெறவேண்டும் என்று சந்தையில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சபை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் பெயர்ப்பலகை வந்தது; பிறகு கந்தோர் வந்தது; வேலை கடைசியாக வந்தது. யாரும் கூப்பிடாமலேயே சீவரத்தினம் அன்று சந்தையில் மீனை இறக்கிவிட்டு நேரே கொக்குவிலுக்கு விட்டார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். வழியில் அவருக்கு உண்மையாகவே பயம் இருக்கவில்லை.

அளவை உத்தியோகத்தர் யதுசன் முப்பது வயதுக்குட்பட்டவர், மரியாதையானவர். மட்காட் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடவேண்டும், ரயர் குண்டில் முட்டினால் சக்கரம் வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம், முட்டாவிட்டால் சரி. இதுதான் விதி. ஆனால் தூக்குக்குண்டு பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் பயிற்சிக்காக வெளிநாடு போயிருந்தார். பயிற்சி களஞ்சியப் பாதுகாப்புப் பற்றியது என்பதால் திறப்பையும் கையோடு கொண்டுபோயிருந்தார்.

யதுசன் வாகனத்தை ஒருமுறை சுற்றிவந்தார். பம்பரின் முன்னால் நின்றார்.

“அண்ணை, உந்தத் தேசிக்காயை ஒருக்கா அவிழ்க்கட்டோ?”

சீவரத்தினம் ஓம் என்றார். தன்னிடம் ஓர் உத்தியோகத்தர் அனுமதி கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. யதுசன் மிளகாய் மூன்றையும் கழற்றி அவர் கையில் கொடுத்தார். மிளகாய்க்குச் சபையில் ஏற்பாடு எதுவும் இல்லை என்றார். தேசிக்காய் மட்காட்டிலிருந்து தொங்கியது. அந்த நேரம் பார்த்து யாழ்தேவி புகையிரதம் கடந்துபோக, வளவு அதிர்ந்தது, தேசிக்காய் ஆடியது. அது ஆடி ஓயும்வரை இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஓய்ந்தபோது தேசிக்காயின் வயிறு ரயரில் சாய்ந்திருந்தது.

நூல் ரயரில் முட்டவில்லை, தேசிக்காய் தடிப்பாக இருப்பதால்தான் முட்டுகிறது என்று சீவரத்தினம் குனிந்து காட்டினார்.

“தெரியும் அண்ணை,” என்றார் யதுசன். “அதாலைதான் அரைவாசி எண்டு போடுறன். வேறை ஆளெண்டால் முழுத் தேசிக்காய் எண்டு போட்டிருப்பார்.”

முன் கண்ணாடியில் சிவப்பு ஒட்டி ஒன்று ஒட்டப்பட்டது. இயக்கத் தடை. விளிம்பு சீராகும்வரை வாகனம் சபை வளவில் நிற்கவேண்டும், செவ்வாய்க்கிழமைதோறும் அளக்கப்படும். தேசிக்காய் இப்போது அளவைக் கருவி என்பதால் அதுவும் சபையின் பொறுப்புக்கு வந்தது. அதை விறாந்தையில் ஓர் ஆணியில் கொழுவி, கீழே இலக்கம் எழுதினார்கள். பெட்டிகளில் மிஞ்சியிருந்த ஐஸ் உருகி, கெப்பின் பின்பக்கத்தால் வழிந்து, வளவு மண்ணில் ஓடியது. சீவரத்தினம் மிளகாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

தில்லைநாதன் சம்மாட்டி நல்ல மனுசன். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.

“ஆடி அமாவாசை வரைக்கும் நான் ஆட்டோவிலையும் கையிலையுமாச் சமாளிப்பன், சீவரத்தினம். அதுக்கங்காலை ஏலாது. மீன் உன்ரை சபையைப் பாத்துக்கொண்டு நிக்காது.”

தனோஜன் என்ற சிறிய லொறிக்காரன் ஏற்கெனவே இரண்டு தரம் சம்மாட்டி வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருந்தான். அதைச் சம்மாட்டி சொல்லவில்லை. சீவரத்தினம் கேட்கவுமில்லை.

அடுத்த செவ்வாய் அவர் பத்து மில்லிமீற்றர் ஸ்பேசரோடு போனார். வளவிலேயே ஜக் அடித்துப் பூட்டினார். தேசிக்காய் ஒரு மயிரிழை விலகி நின்றது. யதுசன் முகம் மலர்ந்து பேனையை எடுத்துவிட்டார். அப்போதுதான் சீவரத்தினம், ஸ்டியரிங்கை வளைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ரயர் திரும்பவும் உரசுகிறது என்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம். பாரத்தோடு கடற்கரை ஒழுங்கையில் வளைக்கும்போது ரயர் அறுந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பேனை அந்தரத்தில் நின்றது. தலைவரிடம் போனார்கள்.

தலைவர் ஆழ்வாப்பிள்ளை பல சபைகளுக்குத் தலைமை தாங்கிப் பழகியவர். எந்தச் சபை என்பது அவருக்குப் பெரிய விடயமல்ல. கதிரை ஒன்றாகத்தான் இருந்தது. விடயத்தைக் கேட்டு, கண்ணை மூடி, திறந்தார்.

“ரயர் வெடிச்சு ஆக்கள் செத்துப்போவினம் எண்டுறீர். இருக்கலாம். அது ஆபத்து. ஆபத்து வேறை கந்தோர். எங்கடை பகுதி விளிம்பு. விளிம்பு சரியெண்டால் நாங்கள் சான்றிதழ் தருவம். அதுக்குப் பிறகு நடக்கிறதுக்கு நாங்கள் அனுதாபம்தான் தரலாம்.”

விறாந்தைக்கு வந்ததும் யதுசன் குரலைத் தாழ்த்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “அண்ணை, இப்ப உங்களுக்குச் சான்றிதழ் வேணுமோ, ரயர் வேணுமோ?”

சீவரத்தினம் விறாந்தை வாங்கில் சிறிது நேரம் இருந்தார். பிறகு எழும்பிப் போய் மறுபடியும் ஜக் அடித்து, பத்தைக் கழற்றி, பதினைந்தைப் பூட்டினார். தேசிக்காய் திரும்பவும் முட்டியது.

யூலை பிறந்தது. சோளகக் காற்று அடித்தது. ஆணியில் தொங்கிய தேசிக்காய் மஞ்சளாகி, பிறகு மண்ணிறமாகி, தோல் சுருங்கத் தொடங்கியது. அந்த மாதத்து முதற் செவ்வாய் அளந்தபோது அது ரயரில் மெல்ல மட்டும் முட்டியது. யதுசன் ‘காற்பங்கு’ என்று எழுதிவிட்டு, எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின் தலைவரைக் கூப்பிட்டார்.

ஆழ்வாப்பிள்ளை படியில் நின்று, வாங்கில் காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“சில பேர் கேக்கினம், ஒரு வாகனத்தை இப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்கிறதாலை என்ன பிரயோசனம் எண்டு. இந்தா, கண்ணுக்கு முன்னாலை பிரயோசனம். வரேக்கை அரைவாசி. இப்ப கால்வாசி. நாங்கள் அடிக்கேல்லை, ஏசேல்லை, தொடக்கூட இல்லை. வைச்சிருந்தம், அவ்வளவுதான். வைச்சிருக்க வைச்சிருக்க அது தன்ரைபாட்டிலை திருந்துது. இன்னும் கொஞ்சக் காலம் வைச்சிருந்தால் முழுசாத் திருந்தி, சமூகத்திலை மற்ற வாகனங்களோடை சேந்து ஓடும்.”

வாங்கில் இருந்தவர்களில் ஐம்பது வயது தாண்டியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சீவரத்தினம் தலையை ஆட்டினார். இந்த மாதிரிப் பேச்சுக்கு எந்த இடத்தில், எவ்வளவு தலையாட்டவேண்டும் என்பது அவர் வயதுக்காரருக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்தபின் தலைவருக்குப் பக்கத்தில் போனார்.

“ஐயா, சக்கரம் நிண்ட இடத்திலைதான் நிக்குது. தேசிக்காய்தான் வத்துது.”

“நீர் பாத்தனீரோ?”

“ஓம் ஐயா. இந்தா, உதிலைதானே தொங்குது.”

“எங்கடை பதிவிலை தேசிக்காய் எண்டுதான் இருக்கு. வத்தின தேசிக்காய் எண்டு ஒண்டு இல்லை. அது வத்தினதெண்டு நான் எழுதினால், சபை பிழையான அளவாலை அளந்ததெண்டு வரும். சபை பிழையான அளவாலை அளக்காது. அப்ப மிச்சம் என்ன? வாகனம்.” ஆழ்வாப்பிள்ளை அவருடைய தோளில் கை வைத்தார். “உமக்கு நல்லாத்தானே போகுது. ஏன் நீரே குறுக்கை விழுறீர்?”

அதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து சீவரத்தினத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை. தேசிக்காய் வத்தவேண்டும், அவ்வளவுதான். காலையில் எழும்பியதும் கடலைப் பார்ப்பவர் வானத்தைப் பார்த்தார். முகில் கண்டால் மனம் கலங்கினார். கொக்குவில் பக்கம் மழையோ என்று தெரிந்தவர்களுக்குப் போன் எடுத்துக் கேட்டார். தேசிக்காயைக் கொஞ்சம் வெயில் படும் ஆணிக்கு மாற்றலாமோ என்று யதுசனைக் கேட்டபோது, அது கருவியில் தலையிடுவதாகும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் தன் கதிரையை அரக்கிப்போட்டு, யன்னல் கதவை அகலத் திறந்துவைத்தார். விறாந்தைக்கு வெயில் வந்தது.

இரண்டு வாரத்தில் அரைக்காற்பங்கு. இருபத்திரண்டாம் திகதி செவ்வாய் அளக்கும்போது முட்டவே முட்டாது என்று யதுசன் கண்ணால் பார்த்தே சொன்னார். ஆடி அமாவாசை இருபத்திநாலாம் திகதி. சீவரத்தினம் போய்ச் சம்மாட்டிக்குச் சொன்னார். சம்மாட்டி சரி என்றார். தனோஜனுக்கு அன்று தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஆடிப்பிறப்புக்கு அடுத்தநாள், ஆடி முதல் வெள்ளி, குணலட்சுமி தானும் வரப்போவதாகச் சொன்னாள். உத்தியோகத்தர்களின் வாய்க்கு எதையாவது கொடுத்தால் கை கொஞ்சம் இளகும் என்பது அவளுடைய எண்ணம். வாளி நிறைய ஆடிக்கூழும் ஒரு பெட்டி கொழுக்கட்டையும் கொண்டுபோனார்கள். சபை முழுவதும் சாப்பிட்டது. ஆழ்வாப்பிள்ளை இரண்டாம் தரமும் கூழ் வாங்கிக் குடித்து, பனங்கட்டி அளவாகக் காணும் என்றார். சீவரத்தினம் உள்ளே கோப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். குணலட்சுமி வெளியே போய்க் கெப்பைப் பார்த்துவிட்டு வந்தாள்.

திரும்பிப் போகும் பஸ்ஸில், தொண்டைமானாற்றுப் பாலம் வரை அவள் நல்ல சந்தோஷமாக இருந்தாள்.

“இஞ்சாருங்கோ, நான் அதை மாத்திப்போட்டன்.”

“எதை?”

“தேசிக்காயை. பம்பர் மொட்டையா நிக்குது, தேசிக்காயைக் கொண்டுபோய் விறாந்தையிலை கட்டி வைச்சிருக்கினம். அதுவும் வத்தி வறண்டுபோய்க் கிடக்கு. ஆடி வெள்ளியும் அதுவுமா, பட்ட தேசிக்காயைத் தொங்கவிட்டால் வேலை எப்பிடிச் சரிவரும்? எங்கடை மரத்துக் காய் ஒண்டு கொண்டு வந்தனான். நல்ல பெரிசு. அதிலையே கட்டிவிட்டன்.”

சீவரத்தினம் அவள் பக்கம் திரும்பினார்.

“பழையதை என்ன செய்தனி?”

“ஆள் மிதியாத இடத்திலைதானே எறியவேணும். மதிலுக்கு மேலாலை தண்டவாளத்திலை எறிஞ்சன்.”

பஸ் பாலத்தைக் கடந்தது. களப்பில் தண்ணீர் வற்றி, உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். தேசிக்காயை வைத்துத்தான் சபை அளக்கிறது என்று குணலட்சுமிக்கு அவர் அதுவரை சொல்லியிருக்கவில்லை; வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். அவள் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. மிஞ்சிய கொழுக்கட்டையைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்தார்கள்.

இருபத்திரண்டாம் திகதி யதுசன் ஆணியருகே போய், பச்சைப் பசேலென்று தொங்கிய தேசிக்காயைப் பார்த்தார். திரும்பிச் சீவரத்தினத்தைப் பார்த்தார்.

“அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ,” என்றார். “சொன்னால் சபைப் பொருளை மாத்தினதெண்டு வேறை வழக்கு வரும். நான் ஒண்டும் காணேல்லை.”

காணாத தேசிக்காயை எடுத்து மட்காட்டில் தொங்கவிட்டார். அது ரயரில் பலமாகச் சாய்ந்தது. பதிவு: முக்கால்.

ஆழ்வாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது. வாகனத்தின் முன்னால் நின்று, அதைப் பார்த்தே கதைத்தார்.

“எவ்வளவு நம்பினம். விடுற நேரத்திலைதான் சுபாவத்தைக் காட்டுது. வரேக்கை இருந்ததிலும் மோசம். நல்லகாலம், அவசரப்பட்டு வெளியிலை விடேல்லை. இதுக்குத்தான் சொல்லுறது, இப்பிடியானதுகளை நீண்டகாலம் வைச்சிருக்கவேணும் எண்டு.”

அன்று முதல் விறாந்தையில் வெளியார் நடமாடக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூழ் வாளியை மட்டும் கழுவிக் கொடுத்தார்கள்.

ஆடி அமாவாசையன்று தில்லைநாதன் சம்மாட்டி தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு, ஈர வேட்டியோடு சீவரத்தினத்தின் படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. ஓட்டத்தைத் தனோஜனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சீவரத்தினம் ஓம் என்றார். சம்மாட்டி வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டார். லொறியில் பெட்டி ஏற்றி இறக்க ஒரு கை தேவைப்படுகிறது என்றார். சீவரத்தினம் அதற்கும் ஓம் என்றார்.

குணலட்சுமியின் மரத்துக் காய் சாறுள்ள காய். அது வத்த இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. செப்ரெம்பர் 30 ஆம் திகதி சக்கரம் முழுமையாகச் சீரடைந்துவிட்டது என்று சபை கண்டது. சபையின் முதலாவது வெற்றி என்பதால் விழா எடுத்தார்கள். மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. களஞ்சியப் பொறுப்பாளர் திறப்போடு வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்தார். தூக்குக்குண்டு துலக்கப்பட்டு, மேசையில் பட்டுத்துணியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அதை ஒருவரும் தூக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை தன் பேச்சில், சட்டம் உருக்கைக்கூட உள்ளே தள்ளும் என்றார். சிவப்பு ஒட்டி உரிக்கப்பட்டு, அந்த இடத்தில் சான்றிதழ் ஒட்டப்பட்டது. பற்றரி இறங்கியிருந்தபடியால் கெப்பைத் தள்ளித்தான் வெளியே எடுக்கவேண்டியிருந்தது. தலைவரும் ஒரு கை கொடுத்தார். படம் எடுத்தார்கள். சீவரத்தினம் ஸ்டியரிங்கில் இருந்ததால் படத்தில் விழவில்லை.

ஒக்ரோபரில் அவர் கெப்பை விற்றார். வாங்கியவர் அளவெட்டியில் ஒரு நாதஸ்வரக் குழு வைத்திருப்பவர். கோயில்களுக்குத் தவிலும் ஆட்களும் ஏற்றிப்போக வாகனம் தேடிக்கொண்டிருந்தார். பதினைந்து மில்லிமீற்றர் ஸ்பேசர் பார்வைக்குப் போதாது என்று கழற்றி எறிந்துவிட்டு, இருபத்தைந்து போட்டார். சக்கரம் நான்கும் இப்போது மட்காட்டுக்கு வெளியே நிற்கின்றன. கண்ணாடியில் சான்றிதழ் இருப்பதால் யாரும் மறிப்பதில்லை.

சீவரத்தினம் தனோஜனின் லொறியில் ஐஸ் பெட்டி ஏற்றுகிறார்.